பாதி வழியில் நிற்கும் கூரை

ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட் நகரில் 1973 முதல் 1989 வரை ஒரே உருவ அமைப்பில் தயாரான போர்ஷ 911 கார்களின் எஞ்சினைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் உண்டு. அதே காரின் கூரையில் இருக்கும் சன்ரூஃப் பற்றி யாரும் நினைப்பதில்லை. பட்டனை அழுத்தினால் பின்னால் நகர்ந்து வானத்தைக் காட்டும் அந்த எஃகுத் தகடு ஒருநாள் பாதி வழியில் நின்றுவிடும். அன்றைக்கு மழையும் தூறத் தொடங்கிவிட்டால் கேட்கவே வேண்டாம்.

பதற்றத்தில் பலரும் பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்துவார்கள். சின்னக் கோளாறு பெரிதாவது பெரும்பாலும் அந்த நிமிடத்தில்தான்.

இந்தக் காரில் சன்ரூஃப் மோட்டார் கூரையின் பின்பகுதியில், உட்கூரைத் துணிக்குள் மறைந்திருக்கிறது. துணியில் ஒரு ஜிப் வைத்துத் தைத்திருக்கிறார்கள். அதைத் திறந்தால் மோட்டார் கைக்கு எட்டும். பின்னாளில் பழுதுபார்க்கப் போகிறவரையும் மனத்தில் வைத்துச் செய்த வேலை இது. இன்றைய கார்கள் பலவற்றில் இதே இடத்தைத் தொட உட்கூரை முழுவதையும் கழற்ற வேண்டியிருக்கிறது.

மோட்டார் முனையில் சிறிய பல்சக்கரம் ஒன்று. அதன் இருபுறமும் ஒட்டினாற்போல் இரண்டு கேபிள்கள் செல்கின்றன. இவை வழவழப்பான கேபிள்கள் அல்ல. எஃகு வடத்தின் மேல் இன்னொரு கம்பியைத் திருகாணியின் மரை மாதிரி சுற்றியிருப்பார்கள். பல்சக்கரத்தின் பற்கள் அந்த மரையில் மாட்டிக் கேபிளைத் தள்ளுகின்றன. பல்சக்கரத்தின் அருகே இரண்டும் எதிரெதிர்த் திசையில் ஓடினாலும், அவை செல்லும் குழாய்கள் வளைந்து திரும்புவதால், தகட்டின் இடது ஓரமும் வலது ஓரமும் ஒரே பக்கமாக, ஒரே அளவு நகர்கின்றன. இந்த ‘ஒரே அளவு’ கெட்டால் தகடு கோணலாகித் தடத்தில் இறுகிக்கொள்ளும்.

எங்கே கோளாறு என்பதைக் காது பாதி சொல்லிவிடும். பட்டனை அழுத்தியும் சத்தமே இல்லையென்றால் ஃபியூஸையும் சுவிட்சையும் முதலில் பார்க்க வேண்டும். சுவிட்சின் உள்முனைகள் கறுத்துப்போவது பழைய கார்களில் சகஜம். மோட்டாருக்கு 12 வோல்ட் வந்து சேர்கிறதா என்று மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் அந்தச் சந்தேகம் தீரும். மோட்டார் சுற்றியும் தகடு அசையாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது என்று பொருள்: எதிர்ப்பு அதிகமானால் மோட்டார் எரிந்துபோகாமல் இருக்க வைத்த ஏற்பாடு அது. ‘கடகட’வென்று கேட்டால் பற்கள் கேபிளின் மரையைத் தாண்டிக் குதிக்கின்றன, உடனே பட்டனிலிருந்து விரலை எடுத்துவிடுவது நல்லது. காரோடு வரும் கைப்பிடியை மாட்டி, மெல்லச் சுற்றித் தகட்டை மூடிக்கொள்ளலாம்.

மோட்டாரின் மேல்தான் பழி முதலில் விழும். புதிய மோட்டார் வாங்கி மாட்டியும் தகடு நகராமல் திகைத்தவர்கள் பலர். உண்மையான காரணம் பெரும்பாலும் பழைய கிரீஸ்தான். வருடக்கணக்கில் வெயிலில் காய்ந்து, தூசியோடு கலந்து, மெழுகாய்க் கெட்டியாகித் தடங்களில் படிந்திருக்கும். அதன் மேல் புதிய கிரீஸைப் பூசினால் பயனில்லை. தகட்டைக் கழற்றி, கேபிள்களை உருவியெடுத்து, பழையதை முழுக்கத் துடைத்தெடுத்த பிறகே புதியதை மெல்லிசாகத் தடவ வேண்டும். கேபிளை வெளிச்சத்தில் பிடித்து விரல் நகத்தால் வருடினால், மரை மழுங்கிய இடம் நகத்தில் தட்டாமல் வழுக்கும். அப்படி இருந்தால் கேபிளை மாற்றியே ஆகவேண்டும். இரண்டையும் சேர்த்து மாற்றுவது உத்தமம்; ஒன்று புதிது, ஒன்று பழையது என்றால் மறுபடி கோணல் வர வாய்ப்புண்டு. திரும்பப் பூட்டும்போது இரண்டு ஓரங்களும் ஒரே நிலையில் இருக்கின்றனவா என்று அளந்து பார்த்த பிறகே மோட்டாரை மாட்ட வேண்டும்.

இவ்வளவு பிரித்த பிறகு வடிகுழாய்களைப் பார்க்காமல் விடுவது பெரிய தவறு. சன்ரூஃப் தண்ணீரை முழுவதும் தடுப்பதில்லை. ரப்பரைத் தாண்டி உள்ளே வரும் நீர் சுற்றிலும் உள்ள பள்ளத்தில் சேர்ந்து, நான்கு மூலைக் குழாய்கள் வழியே காருக்கு வெளியே போகும்படிதான் அமைத்திருக்கிறார்கள். இலைத்தூள் அடைத்தால் நீர் உள்ளே இறங்கும், கார்ப்பெட் நனையும், தகரம் துருப்பிடிக்கும். அந்தத் துருவைச் சரிசெய்யும் செலவுக்கு முன்னால் கேபிள் விலை ஒன்றுமே இல்லை. ஒவ்வொரு மூலையிலும் அரை டம்ளர் தண்ணீர் ஊற்றி, கீழே சொட்டுகிறதா என்று பார்க்கலாம். அடைப்பிருந்தால் நைலான் நரம்பை மெல்ல விட்டு எடுக்க வேண்டும். வேகமாகக் காற்றடித்தால் உள்ளே குழாய் கழன்றுவிடக்கூடும்.

கடைசி வேலை மட்டம் பார்ப்பது. மூடிய தகட்டின் முன்விளிம்பு கூரையைவிட ஒரு மில்லிமீட்டர் வரை தாழ்ந்தும், பின்விளிம்பு அதே அளவு உயர்ந்தும் இருக்கலாம். முன்விளிம்பு மேலே துருத்தினால் வேகமாகப் போகும்போது காற்று ஊளையிடும். ஒரு துண்டுக் காகிதத்தை ரப்பருக்கும் கூரைக்கும் நடுவில் வைத்து மூடி இழுத்துப் பார்த்தால், பிடிப்பு எந்தப் பக்கம் தளர்ந்திருக்கிறது என்பது தெரியும். தளர்ந்த பக்கத்துத் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, சுற்றிலும் காகிதம் ஒரே மாதிரி இறுகும்வரை சரிபார்க்க வேண்டும்.