எவ்வளவு காற்று?

தீவிர சிகிச்சை மருத்துவர் என்றதும், மூச்சு நிற்கப்போகும் நேரத்தில் வென்டிலேட்டரை மாட்டி உயிரைப் பிடித்து நிறுத்துகிறவர்தான் நினைவுக்கு வருகிறார். மாட்டுவது பெரிய வித்தையல்ல. மாட்டிய பிறகு எவ்வளவு கொடுப்பது என்பதில்தான் அந்தத் தொழிலே இருக்கிறது. அமெரிக்காவின் டென்வரில் பணியாற்றிய நுரையீரல் மருத்துவர் தாமஸ் பெட்டியும் அறுவை மருத்துவர் டேவிட் ஆஷ்பாவும் வேறு இருவரும் 1967இல் ‘லான்செட்’ இதழில் 12 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். அடிபட்டவர், தொற்று கண்டவர் என்று காரணம் ஆளுக்கு ஆள் வேறு. நுரையீரல் மட்டும் எல்லோருக்கும் ஒரே மாதிரி நீர் கோத்து விறைத்திருந்தது. ஆக்சிஜனைக் கூட்டியும் ரத்தத்தில் ஏறவில்லை. மூச்சு வெளியேறிய பின்னும் கருவி கொஞ்சம் அழுத்தத்தை விட்டுவைத்தால் காற்றறைகள் மூடிக்கொள்ளாமல் இருப்பதை அவர்கள் கவனித்தார்கள். ஆனாலும் 12 பேரில் 7 பேர் இறந்தார்கள். கோவிட் காலத்தில் நம் காதில் அடிக்கடி விழுந்த ஏ.ஆர்.டி.எஸ். என்ற கடும் மூச்சுத்திணறல் நோய் இதுதான்.

அடுத்த பல ஆண்டுகள் பெரிய பெரிய மூச்சாகக் கொடுப்பதே வழக்கமாக இருந்தது. 2000இல் 861 நோயாளிகளிடம் நடந்த அமெரிக்க ஆய்வு அதைப் புரட்டிப்போட்டது. ஒரு மூச்சுக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 12 மில்லிலிட்டர் காற்று பெற்றவர்களில் ஏறத்தாழ 40 சதவீதம் பேர் இறந்தார்கள். 6 மில்லிலிட்டர் பெற்றவர்களில் 31 சதவீதம். இந்தக் கிலோவும் தராசு காட்டுவதல்ல, உயரத்தை வைத்துப் போடும் கணக்கு. உடம்பு பெருத்தால் நுரையீரல் பெருப்பதில்லையே! 170 செ.மீ. ஆண் எத்தனை கிலோ இருந்தாலும் மூச்சுக்குச் சுமார் 400 மில்லிலிட்டர்தான். இன்னொரு வேடிக்கை, முதல் சில நாட்களில் சிறிய மூச்சு பெற்றவர்களின் ஆக்சிஜன் கணக்குதான் மோசமாக இருந்தது. அந்த எண்ணைப் பார்த்துப் பதறி மூச்சைக் கூட்டியிருந்தால் பிழைக்க வேண்டியவர்களில் சிலர் பிழைத்திருக்க மாட்டார்கள்.

அப்படியானால் 6 என்று கருவியில் போட்டுவிட்டுப் போகலாமே, மருத்துவர் எதற்கு என்று கேட்கலாம். விறைத்த நுரையீரலில் 6 கூட அழுத்தத்தை அளவுமீற ஏற்றிவிடும். குறைத்தால் கரியமில வாயு தேங்கும். எதை எவ்வளவு பொறுத்துக்கொள்வது என்று மணிக்கொரு தரம் பார்த்து முடிவெடுக்க ஆள் வேண்டும். மூச்சின் அளவைப் போல ஆக்சிஜனையும் குறைத்துக் கொடுப்பதே எப்போதும் நல்லது என்றும் ஆகிவிடாது. தாமஸ் பெட்டி பங்கேற்ற 1980ஆம் ஆண்டு ஆய்வு நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளிகள் 203 பேரைப் பற்றியது. இரவில் மட்டும் ஆக்சிஜன் பெற்றவர்களின் இறப்பு, நாளின் பெரும்பகுதி பெற்றவர்களுடையதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. கையோடு கொண்டுபோகும் ஆக்சிஜன் வேண்டும் என்று பெட்டி வாதாடினார்; அதன் காரணம் இங்கே விளங்கும். படுக்கையோரத்துப் பெரிய சிலிண்டரோடு நாளெல்லாம் யார் கட்டிக் கிடப்பார்கள்?