மிதிவண்டியும் நாமும்

பொழுதுபோக்கிற்காக ஒருவர் சைக்கிள் மிதிக்கிறார் என்றால் விஸ்வநத்தத்தில் எவரும் அதனை எளிதில் நம்புவதில்லை. சிவகாசியை ஒட்டிய இவ்வூரில் சைக்கிள் என்பது பிழைப்பின் ஓர் உறுப்பு. அச்சகத்துக்குச் செல்வோர், தீப்பெட்டி ஆலைக்குச் செல்வோர், பட்டாசு ஆலைக்குச் செல்வோர், இருபுறமும் பால்கேன் கட்டியவர், கீரைக்கட்டு ஏற்றியவர் என அதிகாலைச் சாலையில் ஒவ்வொருவருக்கும் ஒரு காரியம் உண்டு. இவர்கள் நடுவே, எதையும் ஏற்றாமல், எவரையும் காணாமல், நாற்பது கிலோமீட்டர் சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரும் மனிதரை என்னவென்று சொல்வது? "யாருக்குச் சாமி சீரியஸ்?" என்று நம்மை வழிமறித்துக் கவலையோடு கேட்டவர் பலர். விடியுமுன் குருவானவர் விரைகிறார் என்றால் அது நோயில்பூசுதலுக்காகவே இருக்கவேண்டும் என்பது அவர்கள் முடிவு. ஒன்றுமில்லை, சும்மாதான் என்று சொன்னால் அவர்கள் முகத்தில் தோன்றும் ஐயம் நோயைக் காட்டிலும் பெரியது.

உண்மையில் சீரியஸாக இருந்தவர் நாமேதான். ஐம்பத்தொரு வயதில் இரத்தச் சர்க்கரையின் அளவைக் கண்டு மருத்துவர் நம்மைச் சற்றுக் கடிந்து பேசினார். நடக்கச் சொன்னார். நடந்தோம். நடக்கும் குருவானவரிடம் வழிநெடுக வீட்டுப் பிரச்சினைகளைச் சொல்ல மக்கள் வந்துவிடுவார்கள். அது நல்லதே. ஆனால் நடை நின்றுவிடும். ஆதலால் சைக்கிளுக்கு மாறினோம்.

சைக்கிள் நமக்குப் புதிதன்று. நம் தலைமுறையினர் அனைவரையும் போல நாமும் மணிவாடகைக் கடையில் கற்றவரே. கால் எட்டாத சிறுவன் சட்டத்தின் முக்கோணத்துக்குள் காலை நுழைத்து, உடலை ஒருபுறம் சாய்த்து மிதிக்கும் குரங்குப் பெடல் என்னும் வித்தையை இன்றைய சிறுவர் அறியார். 2024-இல் அப்பெயரிலேயே ஒரு திரைப்படம் வந்தபோது, நம் வயதினர் தத்தம் முழங்கால் தழும்பைத் தடவிப் பார்த்திருப்பர்.

முதலில் நம் கைக்கு வந்தது ஒரு பழைய ஹெர்குலிஸ். 1949-இல் முருகப்பா குழுமத்தார் ஆங்கிலேய நிறுவனம் ஒன்றோடு கூடித் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், அம்பத்தூர்த் தொழிற்சாலையில் செய்து அனுப்பிய வண்டிகள் தமிழகத்தின் எத்தனை குடும்பங்களைச் சுமந்திருக்கும் என்பதற்குக் கணக்கில்லை. ஓவராயில் செய்து, போக்ஸ் கம்பிகளை முறுக்கிக் கோட்டம் எடுத்து, புதிய டயர் போட்டபின் அது நம்மை ஓராண்டு சுமந்தது. ஆனால் ஆடிமாதம் வந்தபோது அதன் எல்லையும் நம் எல்லையும் ஒருங்கே தெரிந்தன.

இப்பகுதியின் ஆடிக்காற்றை அறியாதவர்க்கு ஒரு வார்த்தை. மேற்கே மலைத்தொடர் நிற்கிறது. தென்மேற்குப் பருவத்தில் அம்மலையைக் கடந்து வரும் காற்று இக்கரிசல் வெளியில் தடையேதுமின்றி வீசும். சிவகாசியிலிருந்து மல்லி வழியாக ஸ்ரீவில்லிபுத்தூர் செல்லும் இருபது கிலோமீட்டரும் அக்காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளும். காற்றுக்கும் உடலுக்கும் இடையேயுள்ள வேகம் இருமடங்கானால் எதிர்ப்பு நான்கு மடங்காகும் என்று இயற்பியல் கூறும். அதனை நம் தொடைகள் நன்கறியும். ஆண்டாள் கோயிலின் கோபுரம் தொலைவில் தெரிந்துகொண்டே இருக்கும், அருகில் மட்டும் வராது. திரும்பும்போதோ மிதிக்காமலே வண்டி ஓடும். அப்போது நம்மைப் பெரிய வீரர் என்று நாமே எண்ணிக்கொள்வதும் உண்டு.

இங்கேதான் கியர் என்னும் ஆசை தலைகாட்டியது. கணக்கு எளியது. முன்சக்கரப் பல் 44, பின்னால் ப்ரீவீல் பல் 18 என்று வைத்துக்கொண்டால், பெடல் ஒருமுறை சுற்றும்போது பின்சக்கரம் ஏறக்குறைய இரண்டரைச் சுற்று சுற்றும். பழைய பெரிய சக்கரத்தில் அது ஐந்தரை மீட்டர் தூரம். காற்றாயினும் மேடாயினும் ஒவ்வொரு மிதிக்கும் அந்த ஐந்தரை மீட்டரை இழுத்தே ஆகவேண்டும். கியர் வண்டியில் முன்னே 46, 30 என இரு பல்வட்டங்களும், பின்னே 11 முதல் 34 வரையிலான அடுக்கும் இருந்தால், ஒரு மிதிக்கு இரண்டு மீட்டருக்கும் குறைவாகவோ ஒன்பது மீட்டரோ நம் விருப்பம்போல் செல்லலாம். சுமையைக் குறைப்பதன்று கியர். அதே சுமையைச் சிறுசிறு பொட்டலங்களாகக் கட்டித் தருவது. பலசரக்குக் கடையில் மாதச் சாமானை மொத்தமாக வாங்க இயலாதவர் தினமும் கொஞ்சம் வாங்குவதைப் போல.

ஆகவே கியர் வண்டி ஒன்று வாங்கினோம். விலை முப்பத்தெட்டாயிரம் ரூபாய். நம் உடன்பிறந்தார் பாதி தந்தார், மீதி நம் சேமிப்பு. பங்குப் பணத்தில் ஒரு காசும் அதில் இல்லை. இதை இங்கே எழுதவேண்டிய அவசியம் என்ன என்று வாசகர் கேட்கலாம். அதற்கு வருகிறோம்.

வாங்கியதோடு நின்றால் அது ஆசை. நில்லாததால் அது நோய். முதலில் சீட்டை மாற்றினோம். இது நியாயமே. மெத்தென்ற அகலச் சீட்டு முதல் பத்துக் கிலோமீட்டருக்கு மட்டுமே சுகம். இடுப்பெலும்பைத் தாங்கும் உறுதியான சீட்டே தூரத்துக்கு உதவும். பின்னர் பெடல். பின்னர் கைப்பிடி உறை. பின்னர், ஓடிக்கொண்டிருந்த டயர் நன்றாயிருக்கையிலேயே வேறு டயர். இருநூறு கிராம் எடை குறைக்க நாம் செலவிட்ட தொகையை நினைத்தால் வெட்கமாயிருக்கிறது. அந்த இருநூறு கிராமை நம் வயிற்றிலிருந்து செலவின்றிக் குறைத்திருக்கலாம். செலவு செய்ததில் வருந்தாத பொருள்கள் மூன்று: தலைக்கவசம், பின்புறச் சிவப்பு விளக்கு, நல்லதொரு காற்றுப் பம்பு. மற்றொன்றையும் சேர்க்கலாம், அது மலிவானது. செயினை வாரம் ஒருமுறை துடைத்து எண்ணெயிடும் பழந்துணி.

டயரைப் பற்றிச் சொல்கையில் சீமைக்கருவேலத்தைச் சொல்லாமலிருக்க இயலாது. பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராயிருந்த ஜான் பாய்டு டன்லப், தம் மகனின் முச்சக்கர வண்டிக்கெனக் காற்றடைத்த டயரைச் செய்து 1888-இல் காப்புரிமை பெற்றார். அவர் நம் கண்மாய்க்கரையைக் கண்டிருந்தால் அத்துணிவு வந்திராது. ஓராண்டில் பதினேழு பஞ்சர் ஒட்டியிருக்கிறோம். டியூபைத் தண்ணீரில் அமிழ்த்திக் குமிழி பார்ப்பதும், உப்புத்தாளால் தேய்ப்பதும், சொலூஷன் தடவி அது உலரும்வரை பொறுப்பதும் எவரும் கற்கக்கூடியவை. பலர் மறப்பது ஒன்று. டியூபை ஒட்டிய பின் டயரின் உட்புறத்தை விரலால் மெல்லத் தடவி, முள்நுனியைக் கண்டு பிடுங்கவேண்டும். இல்லையேல் ஒட்டிய இடத்துக்கு அருகிலேயே அடுத்த துளை. மல்லியில் ஒருநாள் இப்பாடத்தை இருமுறை கற்றோம்.

இவ்வட்டாரத்தில் சைக்கிள் செல்வோர் நேரத்தையும் பார்க்கவேண்டும். விடிந்தபின் ஆலை வேன்கள் கிராமம் கிராமமாகத் தொழிலாளரை ஏற்றிக்கொண்டு விரையும். நாம் ஐந்து மணிக்குப் புறப்பட்டு, வெம்பக்கோட்டைப் பக்கம் சென்று, வைப்பாற்றங்கரையில் 2022 முதல் அகழாய்வு நடந்த மேட்டுக்காட்டை எட்டிப் பார்த்துவிட்டு, வேன்களின் கூட்டம் தொடங்குமுன் திரும்புவோம். சங்கு வளையல்களும் சுடுமண் காய்களும் கிடைத்த மேடு அது. அங்கும் அக்காலத்தில் கைத்தொழில் செய்து பிழைத்தோரே வாழ்ந்திருக்கின்றனர். முதலிப்பட்டியைக் கடக்கும் நாள்களில் நாம் பேசுவதில்லை. 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் அங்கிருந்த பட்டாசு ஆலையில் நேர்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். உல்லாசமாக மிதிப்பவனுக்கு இச்சாலைகள் யாருடையவை என்பது அவ்விடத்தில் நினைவுக்கு வரும்.

ஞாயிறு மாலைகளில் நகரத்து இளைஞர் சிலரோடு செல்வதுண்டு. அவர்கள் பேச்சில் அடிக்கடி அடிபடுவது பிரெவே என்னும் நெடும்பயணம். பந்தயமன்று, காலக்கெடு மட்டும் உண்டு. 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்திலும், 600 கிலோமீட்டரை நாற்பது மணி நேரத்திலும் முடிக்கவேண்டும். இதன் தாய்ப்பயணம் பிரான்சு நாட்டில் 1891-இல் தொடங்கிய பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ். நான்காண்டுக்கு ஒருமுறை நடைபெறும் அந்த 1,200 கிலோமீட்டர் பயணத்திற்குத் தொண்ணூறு மணி நேரமே கெடு. நமக்கு அவ்வாசை இல்லை என்றால் அது பொய். ஆனால் சாத்தூர் வழியாகப் பாரதி பிறந்த எட்டையபுரம் சென்று திரும்பிய ஏறக்குறைய நூறு கிலோமீட்டரே இதுவரை நம் சாதனை. அதற்கு மறுநாள் பீடத்தின் படியேறுகையில் நம் முழங்கால் எழுப்பிய ஓசையை முதல் வரிசையில் இருந்தோர் கேட்டிருப்பர்.

இனி விலைக்கு வருவோம்.

நம் பங்கைச் சேர்ந்த ஒருவர், பட்டாசு ஆலைத் தொழிலாளி. அவருடைய ஹெர்குலிஸுக்கு இருபது வயதுக்கு மேல். கோயில் முற்றத்தில் நம் புதிய வண்டியைச் சுற்றிச்சுற்றிப் பார்த்துவிட்டு, "என்ன விலை சாமி?" என்றார். நாம் ஒருகணம் தயங்கி, "பன்னிரண்டாயிரம் இருக்கும்" என்றோம். ஏன் சொன்னோம்? முப்பத்தெட்டாயிரம் என்னும் சொல் அவர் முன்னிலையில் நம் வாயில் எழவில்லை. அவர் தலையசைத்துவிட்டுச் சென்றார். நாமும் மறந்தோம்.

அவர் மறக்கவில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் அவர் மகள் அரசு தந்த விலையில்லாச் சைக்கிளில் பள்ளி செல்பவள், நம்மோடு ஞாயிறு தோறும் வர ஆசை கொண்டவள். அவளுக்காகத் தீபாவளிப் போனஸிலிருந்து பன்னிரண்டாயிரத்தை எடுத்துக்கொண்டு கடைக்குச் சென்று, "எங்க சாமி வச்சிருக்கிற வண்டி" என்று கேட்டிருக்கிறார். மகளும் உடன் இருந்தாள். கடைக்காரர் சிரித்திருக்கிறார்.

மறுநாள் நம்மிடம் வந்தார். கோபமில்லை. "எனக்குத்தான் காதுல சரியா விழலையோ சாமி?" என்றார். அவர் நமக்குத் தப்பிக்க ஒரு வாயில் திறந்து வைத்தார் என்பதை உணர்ந்தபோது நமக்கு நின்ற இடத்தில் நிற்க இயலவில்லை. சரியாகத்தான் விழுந்தது, பொய் சொன்னவர் நாம் என்றோம். எத்தனையோ ஆண்டுகளாகப் பிறர் பாவங்களைக் கேட்டு அமர்ந்திருப்பவர்க்கு, ஒரு சைக்கிளின் பின்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு தம் பொய்யைச் சொல்வது இவ்வளவு கடினமா என்று வியந்தோம்.

அவ்வேளையில் ஜீனோ பார்த்தாலி நினைவுக்கு வந்தார். பிரான்சு சுற்றுப் பந்தயத்தை 1938-இலும் 1948-இலும் வென்ற இத்தாலிய வீரர் அவர். இரண்டாம் உலகப் போரில் பயிற்சிக்குச் செல்பவர் போல் ஃபுளோரன்சுக்கும் அசிசிக்கும் இடையே மிதித்துச் சென்று, யூதர்களைக் காக்கும் போலி அடையாளத் தாள்களைச் சைக்கிள் சட்டத்தின் குழாய்க்குள் மறைத்துக் கடத்தினார். போருக்குப் பின் அதைப் பற்றி வெளியில் பேசவில்லை. 2013-இல்தான் யாத் வாஷேம் நிறுவனம் அவரைக் கௌரவித்தது. 1949-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் சைக்கிளோட்டிகளின் பாதுகாவலியாக அறிவித்த கிசால்லோ மாதாவின் சிற்றாலயத்தில் இன்றும் வீரர்களின் வண்டிகள் தொங்குகின்றன. அவர் வண்டியின் சட்டத்துக்குள் உயிர்கள் ஒளிந்திருந்தன. நம் வண்டிக்குள் ஒளிந்திருந்தது விலைச்சீட்டு.

நண்பரோ நம் வேதனையில் அதிக நேரம் செலவிடவில்லை. "ஒரு ரவுண்டு போகட்டுமா?" என்றார். முற்றத்தை இருமுறை சுற்றி வந்து, கியரை மாற்றி மாற்றிப் பார்த்து, இறங்கி, வண்டியின் பின்புறத்தை ஆராய்ந்தார்.

"வண்டி நல்லாத்தான் ஓடுது. ஆனா கேரியர் இல்லையே சாமி. முப்பத்தெட்டாயிரத்துக்கு ஒரு கேரியர் கூடவா குடுக்கல?"

மகளுக்குக் கியர் வண்டி வாங்கவில்லை. அவள் பள்ளிச் சைக்கிளையே நாம் மூவரும் ஒரு மாலையில் பிரித்துச் சீர்செய்தோம். பால்ரஸ் குண்டுகளை மாற்றி, கிரீஸ் வைத்து, செயினை இறுக்கி, சீட்டை இரண்டு அங்குலம் உயர்த்தினோம். சீட்டுத் தாழ்ந்திருந்தால் முழங்கால் நோகும். இதைப் பெரும்பாலான வீடுகளில் எவரும் சரிபார்ப்பதில்லை. 1991-இல் புதுக்கோட்டை மாவட்ட ஆட்சியராயிருந்த ஷீலா ராணி சுங்கத், அறிவொளி இயக்கத்தோடு சைக்கிள் பயிற்சியையும் இணைத்தார். கிராமப் பெண்கள் ஆயிரமாயிரமாய்ச் சாலைக்கு வந்தனர். பெண்களுக்கான வண்டி போதாமல் ஆண்களின் வண்டியையே ஓட்டினர், குறுக்குத் தண்டில் குழந்தையை அமர்த்தலாம் என்று அதையே விரும்பினோரும் உண்டு எனப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். அவர்களுக்குக் கியர் இருந்ததில்லை.

அடுத்த ஞாயிறு அவள் நம்மோடு மல்லிவரை வந்தாள். தந்தையும் தம் ஹெர்குலிஸில் பின்தொடர்ந்தார். எதிர்க்காற்றில் அவள் நமக்கு முன்னே சென்றாள் என்பதையும் எழுதிவிடுவது நேர்மை.

கேரியர் மாட்டுவதற்கான திருகுத் துளைகள் நம் வண்டியின் பின்புறத்தில் ஏற்கெனவே இருந்தன. எழுநூறு ரூபாயில் ஒன்றை வாங்கி, அவரே பூட்டித் தந்தார். நாம் பலநூறு செலவிட்டுக் குறைத்த எடையைப் போல ஐந்து மடங்கு அதனால் கூடிற்று. இளைஞர்கள் கண்டு சிரிக்கின்றனர். முதன்முதலாக அதில் ஏறியது ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா, அரைக் கிலோ. நமக்கன்று. அவர் வீட்டுக்கு.