சுழலாத சிறு விசிறி



விளையாட்டுப் பெட்டியைக் கடையில் வாங்காமல் தாமே பூட்டிச் செய்யும் பிள்ளைகள் இப்போது பல ஊர்களிலும் இருக்கிறார்கள். இதற்கு அவர்கள் பெரிதும் பயன்படுத்துவது ‘ராஸ்ப்பெரி பை’ என்னும் சிறு கணினிப் பலகை. பள்ளிப் பிள்ளைகள் கணினியைக் கையால் தொட்டுக் கற்க வேண்டும் என்பதற்காக இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரத்தார் செய்த பலகை இது. 2012ஆம் ஆண்டு பிப்ரவரியில் விற்பனைக்கு வந்தது. அடையாள அட்டை அளவுதான் இருக்கும். தொலைக்காட்சியோடு இணைத்தால் பழைய காலத்து விளையாட்டுகளை ஆடலாம்.

இந்தப் பெட்டிக்குள் ஒரு சிறு விசிறி உண்டு. ஒருநாள் அது சுழலாமல் நின்றுவிடுகிறது. “காசைக் கரியாக்கிவிட்டாயே” என்று அப்பா கோபப்படுகிறார். பிள்ளையோ பயந்து பெட்டியை மூலையில் போட்டுவிடுகிறான். பணமும் போகிறது, கற்கும் ஆசையும் போகிறது. ஆனால் பல வேளைகளில் இந்தக் கோளாறைச் செலவில்லாமலே சரிசெய்துவிடலாம்.

மங்கில் பால் விழவில்லை என்றால் நாம் உடனே மரம் பட்டுப்போனதென்று சொல்வதில்லை. பால் வழியும் தகரம் விலகியிருக்கிறதா, வெட்டுக்கோட்டில் ஒட்டுப்பால் அடைத்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறோம். விசிறியையும் அப்படியே பார்ப்போம்.

முதலில், விசிறி எதற்கு? பலகையின் நடுவிலுள்ள சில்லு வேலை செய்யும்போது சூடாகிறது. அந்தச் சூட்டை வெளியேற்றுவதே விசிறியின் வேலை. விசிறி நின்றால் பெட்டி உடனே எரிந்துவிடும் என்று அஞ்ச வேண்டாம். சூடு 80 பாகை செல்சியசை எட்டியதும் சில்லு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். விளையாட்டு திக்கித் திணறி ஓடும். கெடாவின் கோடை மாதங்களில், தகரக் கூரை வீட்டில், இது விரைவிலேயே நேரும்.

அடுத்து, விசிறி இப்போது சுழல வேண்டிய நேரமா? 2023இல் வந்த ஐந்தாம் வகைப் பலகையில், அதற்கென விற்கப்படும் விசிறி எப்போதும் சுழலாது. சூடு 50 பாகையை எட்டிய பிறகே மெல்லத் தொடங்கும். 75 பாகையில் முழு வேகம் எடுக்கும். பெட்டியை முடுக்கியவுடன் விசிறி சும்மா இருந்தால் அது கோளாறு அன்று. கால் மணி நேரம் விளையாடிவிட்டுப் பாருங்கள்.

அதன் பிறகும் சுழலவில்லையா? பெட்டியை முறைப்படி நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். மூடியைத் திறந்து இறக்கையை ஒரு பல்குத்தும் குச்சியால் மெல்லத் தள்ளுங்கள். வயர் இறக்கையில் இடிக்கிறதா? செம்மண் தூசி படிந்திருக்கிறதா? எறும்பு புகுந்திருக்கிறதா? மென்மையான தூரிகையால் துடையுங்கள். இறக்கை இறுக்கமாகத் திரும்பினால், நடு அச்சில் எண்ணெய் வற்றியிருக்கலாம். தையல் இயந்திர எண்ணெய் ஒரு சொட்டுப் போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம்; அது நாளடைவில் பிசினாகிவிடும்.

மூன்றாவது, வயர்கள். சாதாரண விசிறியில் இரண்டு வயர்கள் இருக்கும். சிவப்பு மின்சாரம் வரும் வழி. கறுப்பு திரும்பும் வழி. இரண்டையும் மாற்றிச் செருகினால் இந்த வகை விசிறி சுழலாது. பலகையின் ஓரத்தில் இரு வரிசையாக 40 முட்கள் நிற்கின்றன. யுஎஸ்பி துளைகளுக்கு எதிர்முனையிலிருந்து வெளிவரிசையை எண்ணுங்கள். முதல் இரண்டு முட்களும் 5 வோல்ட் தருபவை. மூன்றாவது, கறுப்பு வயருக்கு உரியது. வேறு முள்ளில் செருகினால் பலகையே கெடலாம். விசிறியின் மேல் ஒட்டியுள்ள தாளையும் படியுங்கள். பழைய கணினியிலிருந்து கழற்றிய 12 வோல்ட் விசிறியாக இருந்தால், 5 வோல்ட்டில் அது அசையாமலே நிற்கக்கூடும்.

நான்காவது சோதனை எளிது. இரண்டு வயர் விசிறியைப் பலகையிலிருந்து முற்றிலும் கழற்றுங்கள். டார்ச் விளக்கின் 1.5 வோல்ட் பேட்டரிகள் மூன்றை வரிசையாக வைத்தால் 4.5 வோல்ட் கிடைக்கும். சிவப்பைக் கூட்டல் முனையிலும் கறுப்பைக் கழித்தல் முனையிலும் தொடுங்கள். 5 வோல்ட் விசிறி சுழன்றால் அது நல்ல விசிறி; கோளாறு வேறிடத்தில். சுழலாவிட்டால் புது விசிறி மட்டும் வாங்கினால் போதும். பலகையை மாற்ற வேண்டியதில்லை.

2019இல் வந்த நான்காம் வகைப் பலகைக்கான விசிறியில் மூன்றாவது வயர் ஒன்று உண்டு. அது கட்டளையைக் கொண்டுவரும் வயர். அமைப்புப் பட்டியலில் விசிறிப் பகுதியைத் திறந்து, எந்த முள், எத்தனை பாகை என்று சொல்லிவைத்தால்தான் அது சுழலும். கட்டளை கொடுக்காமல் விசிறியைக் குறை சொல்லிப் பயனில்லை.

பெற்றோர்களே, ஓர் எச்சரிக்கை. மேலே சொன்னவையெல்லாம் 5 வோல்ட் வேலை. சுவரிலிருந்து வருவதோ 230 வோல்ட். அது உயிரை வாங்கும். ஆகவே சுவரில் செருகும் அடாப்டரைப் பிள்ளைகள் திறக்கவே கூடாது. வீட்டுக் கூரை விசிறி நின்றாலும் இதே துணிவோடு கை வைக்கக் கூடாது. அதிலுள்ள மின்தேக்கி, சுவிட்சை அணைத்த பிறகும் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கக்கூடும். அது உரிமம் பெற்ற மின்பணியாளரின் வேலை.

பினாங்கில் 1972இல் இன்டெல் ஆலை வந்தது. கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா 1996இல் திறந்தது. தோட்டத்தில் பிறந்த நம் பிள்ளைகள் பலர் இத்தகைய ஆலைகளில் வேலை செய்கிறார்கள். அங்கே இயந்திரம் நின்றால், காரணத்தைப் படிப்படியாகத் தேடத் தெரிந்தவருக்கே மதிப்பு. அந்தப் பழக்கத்தை வீட்டு மேசையிலேயே தொடங்கலாம். அடுத்த முறை விசிறி நின்றால் பிள்ளையைத் திட்டாமல், “முதலில் எதைப் பார்த்தாய்?” என்று கேளுங்கள். பார்த்ததை வரிசையாக ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். கோளாறு தானே அகப்படும்.