ஹாட்ஸ்பாட் போட்டதும் நெட் திணறுவது ஏன்? போனுக்குள் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத 'மிருதங்கம்'

அடையாறில் ஒரு டீக்கடை வாசல். லேப்டாப்பைத் திறந்து, போனில் ஹாட்ஸ்பாட் போடுகிறார் ஒருவர். டவர் ஃபுல்லா இருக்கு, ஆனா வீடியோ கால் திக்குகிறது. "நெட்வொர்க்கே சரியில்ல" என்று கம்பெனியைத் திட்டிவிட்டுப் போகிறோம். ஆனால் சில நேரம் குற்றவாளி டவர் இல்லை. அந்தப் போனுக்குள்ளேயே இருக்கலாம்.

எப்படி?

இந்தியாவில் 4ஜிக்குப் பயன்படும் அலைவரிசைகளில் ஒன்று 'பேண்ட் 40'. அது 2300 முதல் 2400 மெகாஹெர்ட்ஸ் வரை. 2010 ஏலத்தில் இந்த அலைவரிசையை நாடு முழுவதுக்கும் வாங்கிய நிறுவனம்தான் பின்னர் ஜியோ ஆனது. தமிழ்நாட்டில் ஏர்செல்லும் வாங்கியது. 2016-ல் தமிழ்நாடு உட்பட 8 வட்டங்களின் உரிமையை 3,500 கோடி ரூபாய்க்கு ஏர்டெல்லுக்குக் கொடுக்க ஒப்பந்தம் போட்டது.

வைஃபையும் புளூடூத்தும் எங்கே தொடங்குகின்றன? அதே 2400 மெகாஹெர்ட்ஸில்! நடுவில் காலி இடமே இல்லை. தி.நகர் ரங்கநாதன் தெருவில் ரெண்டு கடைக்கு நடுவே ஒரே சுவர் இருக்குமே, அப்படி.

இதில் சிக்கல் என்னவென்றால், டவர் சிக்னல் பல நூறு மீட்டர் தாண்டி, களைத்துப்போய் வருகிறது. ஹாட்ஸ்பாட் அலையோ சில சென்டிமீட்டர் பக்கத்தில் இருந்து கிளம்புகிறது. இரண்டுக்கும் பலத்தில் கோடிக்கணக்கான மடங்கு வித்தியாசம். காதோரம் நாதஸ்வரம் ஊதும்போது தெருமுனையில் பேசுபவரைக் கேட்கச் சொல்வது போல. 4ஜி இந்தப் பேண்டின் மேல் விளிம்பை நெருங்க நெருங்கத் தொல்லை கூடும்.

காப்பாற்றுவது யார்?

ஃபில்டர். தனக்கு வேண்டிய அலையை விட்டு, பக்கத்து அலையைத் தடுக்கும் குட்டி உறுப்பு. ஒரு ஸ்மார்ட்போனில் பல பத்து ஃபில்டர்கள் இருக்கும். ஆச்சரியம் என்னவென்றால், இவை ரேடியோ அலையை ஒலியாக மாற்றித்தான் வடிகட்டுகின்றன.

சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் வரும். மின்சாரம் கொடுத்தால் அவை அதிரும். 1880-ல் கியூரி சகோதரர்கள் கண்டறிந்த இதற்குப் பெயர் பீசோ எலெக்ட்ரிக் விளைவு. கேஸ் லைட்டரில் பொறி வருவதும் இதனால்தான். ஃபில்டருக்குள் அலுமினியம் நைட்ரைடு என்ற பொருளின் மெல்லிய படலம், மேலும் கீழும் உலோக மின்முனைகள். ரேடியோ அலை உள்ளே வந்ததும் படலம் அதிர்கிறது. தனக்கென்று உள்ள சுருதியில் மட்டும் பலமாக அதிரும்.

ஏன் ஒலி? 2.4 ஜிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையின் நீளம் 12.5 சென்டிமீட்டர். இந்தப் படலத்துக்குள் ஒலி விநாடிக்குச் சுமார் 11,000 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது; அதனால் அலைநீளம் 5 மைக்ரானுக்கும் கீழே சுருங்கிவிடும். படலம் அதில் பாதி கனம் இருந்தால் போதும், அதாவது 2 மைக்ரானைச் சற்றே தாண்டி. மின்முனையின் எடையையும் சேர்த்தால் இன்னும் மெலிதாகும். தலைமுடியே சுமார் 70 மைக்ரான்!

மயிலாப்பூர் சபாக்களில் கச்சேரி கேட்பவர்களுக்கு அடுத்த விஷயம் சட்டெனப் புரியும். மிருதங்க வித்வான் இடது பக்கத் தொப்பியில் ரவைப் பசையை அப்புவார். எடை கூடும், சுருதி இறங்கும். ஃபில்டரிலும் அதே தந்திரம்தான். பல ரெசனேட்டர்களை ஏணிப்படி போல இணைக்கிறார்கள். அதில் குறுக்குப்படிகளாக இருப்பவற்றின் மேல் மட்டும் கொஞ்சம் கூடுதல் உலோகம் பூசி, சுருதியை ஒரு துளி இறக்குவார்கள். இந்த வித்தியாசம்தான் எந்த அலை உள்ளே, எது வெளியே என்று தீர்மானிக்கிறது. (வலந்தலையின் கருப்புச் 'சோறு' எப்படி இனிய ஒலி தருகிறது என்று 1920-லேயே ஆராய்ந்து எழுதியவர் சர் சி.வி.ராமன்.)

ரவை கூடிப்போனால் சுரண்டி எடுக்கலாம். இங்கே? கனம் 0.1 சதவீதம் பிசகினால் சுருதி 2 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் நகரும். 0.1 சதவீதம் என்பது ஏறக்குறைய பத்து அணு அடுக்குகள். அதனால் அயனிக் கற்றையை அடித்து இடம் இடமாகச் சீவுகிறார்கள். இதோடு வெயில் வேறு. பைக் ஹோல்டரில் போன் காய்ந்து சூடு 40 டிகிரி ஏறினால், சுருதி இன்னொரு 2 மெகாஹெர்ட்ஸ் இறங்கும். சுவரே இல்லாத இடத்தில் இது பெரிய விஷயம்.

5ஜியில் என்ன ஆகிறது?

2022 ஏலத்தில் இந்தியா கொடுத்த 3300-3670 மெகாஹெர்ட்ஸ் ரொம்ப அகலமானது. சாதாரண அலுமினியம் நைட்ரைடு அவ்வளவு அகலத்துக்குத் தாங்காது. ஸ்காண்டியம் என்ற உலோகத்தைக் கலந்தால் பீசோ விளைவு பல மடங்கு கூடும் என 2009-ல் ஜப்பான் விஞ்ஞானிகள் காட்டினர். ஆனால் ஸ்காண்டியம் சேரச் சேரப் படலம் மென்மையாகி, அதிர்வு சீக்கிரம் அடங்கிவிடும். ஒன்றைப் பெற்றால் ஒன்றை இழக்க வேண்டும். 26 ஜிகாஹெர்ட்ஸுக்குப் போனால் படலம் வெறும் 0.2 மைக்ரான்தான். அவ்வளவு மெல்லிய மின்முனையில் மின்தடை ஏறி, சிக்னலே வெப்பமாகக் கரைகிறது. உலகம் முழுக்க ஆய்வாளர்கள் இப்போது முட்டி மோதுவது இந்த இடத்தில்தான்.

அடையாறுக்குப் பக்கத்தில் உள்ள ஐஐடி மெட்ராஸில் 2022 மே 19-ம் தேதி, இந்தியாவில் வடிவமைத்த நெட்வொர்க்கில் 5ஜி கால் பேசிக் காட்டினார் அப்போதைய தொலைத்தொடர்பு அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ். நெட்வொர்க் நம்முடையது, ஆனால் போனுக்குள் இருக்கும் இந்த ஃபில்டர் சந்தையில் கோலோச்சுவது பிராட்காம், கோர்வோ, முராட்டா போன்ற அமெரிக்க, ஜப்பானிய நிறுவனங்கள்.

சரி, டீக்கடைக்காரருக்கு என்ன வழி? ஹாட்ஸ்பாட் செட்டிங்ஸில் 2.4-க்குப் பதில் 5 ஜிகாஹெர்ட்ஸைத் தேர்வு செய்து பார்க்கலாம். 4ஜியில் இருந்து வெகுதூரம் விலகிவிடும். தூரம் கொஞ்சம் குறையும், பழைய லேப்டாப்பில் பெயரே காட்டாமல் போகலாம். பக்கத்து மேசைதான் என்றால் கவலையில்லை.