வரைபடத்தைச் சந்தேகிக்கும் கலை

குற்றப் பகுப்பாய்வாளர் என்பவர் குற்றவாளியைத் துரத்திப் பிடிப்பவர் அல்லர். கைரேகையையும் இரத்தக் கறையையும் ஆராயும் தடயவியல் நிபுணரும் அல்லர். ஒரு நகரக் காவல்துறைக்கு நாள்தோறும் வந்து குவியும் புகார்கள், அவசர அழைப்புகள், கைது விவரங்கள் ஆகியவற்றைத் திரட்டி, எவ்வகைக் குற்றம் எந்தத் தெருவில் எந்த நேரத்தில் அடுத்தடுத்து நிகழ்கிறது என்று கண்டறிந்து, ரோந்துக்கும் புலனாய்வுக்கும் பொறுப்பான அதிகாரிகளிடம் எடுத்துரைப்பதே அவருடைய வேலை. அமெரிக்காவில் இப்பணியில் இருப்போரில் பெரும்பாலோர் சீருடை அணியாத குடிமைப் பணியாளர்கள். சிறு நகரங்களின் காவல்துறைகளில் இத்தகையவர் ஒருவரோ இருவரோதான் இருப்பார் என்பதால், தாம் போட்ட கணக்கு சரிதானா என்று பக்கத்து மேசையில் கேட்டுத் தெளிந்துகொள்ளவும் அவருக்கு வழியிருப்பதில்லை. 1990-இல் தோன்றிய பன்னாட்டுக் குற்றப் பகுப்பாய்வாளர் சங்கம் ஆண்டுதோறும் நடத்திவரும் பயிற்சி மாநாட்டின் முதல் பயன், இவ்வாறு தனித்தனியே உழைப்பவர்களை ஓரிடத்தில் கூட்டி, ஒருவர் கணக்கை மற்றவர் சோதிக்கச் செய்வதே ஆகும்.

மாநாடு சில நாள்கள் நடைபெறும். ஒரே வேளையில் பல அறைகளில் வகுப்புகள் நடக்க, புதியவர்கள் அடிப்படைப் பாடங்களுக்கும் பழகியவர்கள் புள்ளியியல், வரைபட மென்பொருள் போன்றவற்றுக்கும் பிரிந்து செல்வர். மென்பொருள் நிறுவனங்களும் கண்காட்சி அரங்குகளில் தம் பொருள்களைப் பரப்பி வைத்திருக்கும். பார்ப்பவர் கண்ணை முதலில் இழுப்பவை அந்த அரங்குகளின் ஒளிரும் திரைகள்தாம் என்றாலும், இத்தொழிலின் உள்ளடக்கம் அங்கே இல்லை.

இத்தொழிலின் வேர் பழையது. கலிஃபோர்னியா மாநிலத்தின் பெர்க்லி நகரில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காவல்துறைத் தலைவராக இருந்த ஆகஸ்ட் வோல்மர், குற்றம் நடந்த இடங்களை வரைபடத்தில் ஊசி குத்திக் குறிக்கும் வழக்கத்தைப் பரப்பினார். அவருடைய மாணவர் ஓ. டபிள்யூ. வில்சன், காவல் நிர்வாகம் பற்றிய தம் நூலின் 1963ஆம் ஆண்டுப் பதிப்பில் ‘குற்றப் பகுப்பாய்வு’ என்னும் தொடரை எடுத்தாண்டார். எனினும் பகுப்பாய்வாளருக்கான தேவை பெருகியது 1994-க்குப் பிறகுதான். அவ்வாண்டு நியூயார்க் காவல்துறை ‘காம்ப்ஸ்டாட்’ என்னும் முறையைக் கொண்டுவந்து, ஒவ்வொரு வட்டாரத்தின் அதிகாரியையும் குற்ற எண்ணிக்கையை முன்வைத்துக் கேள்வி கேட்கும் கூட்டங்களைத் தொடர்ந்து நடத்தியது. பிற நகரங்களும் அதைப் பின்பற்றின. எண்ணிக்கைக்கு அதிகாரி பதில் சொல்ல வேண்டும் என்றானவுடன், எண்ணிக்கையையே குறைத்துப் பதியும் ஆசையும் கூடவே நுழைந்தது என்ற குற்றச்சாட்டு அம்முறையை இன்றும் விட்டபாடில்லை.

பயிற்சியின் பெரும்பகுதி, தரவு எவ்விடத்தில் ஏமாற்றும் என்று அறிந்துகொள்வதிலேயே செல்கிறது. வீடு புகுந்து திருடும் குற்றத்தில் நேரத்தைக் கணக்கிடுவது இதற்குத் தக்க சான்று. காலை 8 மணிக்கு வீட்டைப் பூட்டிச் சென்றவர் மாலை 6 மணிக்குத் திரும்பித் திருட்டை அறிந்தால், திருட்டு இடைப்பட்ட பத்து மணி நேரத்தில் எப்போது வேண்டுமானாலும் நடந்திருக்கலாம். கண்டறிந்த நேரத்தையே குற்ற நேரமாகப் பதிந்தால் நகரின் திருடர்கள் அனைவரும் மாலையில்தான் தொழில் செய்கிறார்கள் என்றும், இரு நேரங்களுக்கும் நடுப்புள்ளியை எடுத்தால் எல்லோரும் பிற்பகல் 1 மணிக்குத்தான் கிளம்புகிறார்கள் என்றும் விளக்கப்படம் சொல்லும். இரண்டும் அலுவலக நேரத்தின் நிழலேயன்றித் திருடனின் நடமாட்டம் அன்று. இதற்கு மாற்றாக, பிரிட்டனில் காவலராகப் பணியாற்றிப் பின்னர் பேராசிரியரான ஜெர்ரி ராட்கிளிஃப் முன்வைத்த ‘ஏயோரிஸ்டிக்’ முறை, அந்தப் பத்து மணி நேரத்தில் ஒவ்வொரு மணிக்கும் பத்தில் ஒரு பங்கைப் பகிர்ந்தளிக்கிறது. கடைக்குப் போய் ஒரே மணி நேரத்தில் திரும்பியவர் வீட்டில் நடந்த திருட்டோ தன் முழு எடையையும் அந்த ஒரு மணிக்கே தருகிறது. இவ்வாறு நூற்றுக்கணக்கான வழக்குகளின் பங்குகளைக் கூட்டும்போது, தனி வழக்கு எதிலும் தெரியாத உண்மையான நேரம் மெல்ல மேலெழுகிறது. ரோந்து வண்டியை அனுப்ப வேண்டியதும் அந்த நேரத்தில்தான்.

இடமும் இவ்வாறே ஏமாற்றும். முகவரியை வரைபடத்தின் ஒரு புள்ளியாக மாற்றும் வேலையைக் கணினி செய்கிறது. எழுத்துப்பிழையோ அரைகுறை முகவரியோ வரும்போது அது தவறிவிடுகிறது. நூறு குற்றங்களில் குறைந்தது 85 சரியான இடத்தில் பொருந்தினால்தான் வரைபடத்தை நம்பலாம் என்று ராட்கிளிஃப் 2004-இல் மதிப்பிட்டார். இடம் தெரியாத வழக்குகளுக்குப் பதிவாளர் காவல் நிலைய முகவரியையே எழுதிவிட்டால், நகரிலேயே குற்றம் மிகுந்த இடம் காவல் நிலையம் என்று வரைபடம் காட்டும். புதியவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கலாம். அதே பிழை தம் கணினியிலும் இருக்கிறதா என்று தேடிப் பார்க்க வேண்டும் என்பதே பாடம்.

இப்பிழைகளைக் களைந்த பின் தெரியவரும் ஒழுங்கு வியப்பூட்டுவது. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரை ஆராய்ந்து 1989-இல் வெளியான லாரன்ஸ் ஷெர்மன் குழுவினரின் ஆய்வு, காவல்துறைக்கு வந்த அழைப்புகளில் பாதி, நகரின் முகவரிகளில் சுமார் 3 சதவீதத்திலிருந்தே வந்தன என்று காட்டியது. இங்கிலாந்தின் மெர்சிசைடு பகுதியில் ஒரு வீட்டில் திருட்டு நடந்தால், அடுத்த ஓரிரு மாதங்களுக்கு 300 முதல் 400 மீட்டர் தொலைவுக்குள் உள்ள பிற வீடுகளுக்கும் ஆபத்து கூடுகிறது என்று ஷேன் ஜான்சனும் கேட் பவர்ஸும் 2004-இல் கண்டனர்.

ஒழுங்கைக் கண்டறிந்ததோடு வேலை முடிந்துவிடுவதில்லை. வர்ஜீனியா மாநிலத்தின் நியூபோர்ட் நியூஸ் நகரில் 1980-களில் உருவான, பிரச்சினையை அடையாளம் காணல், ஆராய்தல், செயல்படல், விளைவை மதிப்பிடல் என்னும் நான்கு படிநிலைகளை இன்று பகுப்பாய்வாளர்கள் பரவலாகக் கற்கிறார்கள். ஹெர்மன் கோல்ட்ஸ்டைன் 1979-இல் வகுத்த, பிரச்சினையை மையமாகக் கொண்ட காவல் என்னும் கொள்கையை அடியொற்றி அந்நகரில் நடந்த முயற்சியில், நிறுத்தப்பட்ட வாகனங்களிலிருந்து பொருள் திருடுவது பாதிக்கு மேல் குறைந்தது. நான்காம் படிநிலையாகிய மதிப்பீடுதான் நடைமுறையில் அதிகம் கைவிடப்படுவது. குற்றம் குறைந்துவிட்டது என்றால் ஏன் குறைந்தது என்று கேட்க எந்த அதிகாரிக்கும் அவசரம் இருப்பதில்லை.

அண்மை ஆண்டுகளில் இத்தொழிலில் கூர்மையாக விவாதிக்கப்படுவது, அடுத்த குற்றம் எங்கே நிகழும் என்று கணினியைக் கொண்டு முன்கணிக்கும் முறை. கலிஃபோர்னியாவின் சாண்டா குரூஸ் நகரம் 2011-இல் இதை முதலில் சோதித்த நகரங்களுள் ஒன்று. 2020-இல் அதே நகரம் இதைத் தடைசெய்தது. தடைக்கான வாதத்தின் கணித அடிப்படையை, கிறிஸ்டியன் லம்மும் வில்லியம் ஐசக்கும் 2016-இல் அதே மாநிலத்தின் ஓக்லாந்து நகரின் போதைப்பொருள் வழக்குகளைக் கொண்டு விளக்கியிருந்தனர். போதைப்பொருள் பயன்பாடு நகரெங்கும் பரவியிருக்க, காவல்துறை முன்பு அடிக்கடி சென்ற பகுதிகளிலேயே வழக்குகள் குவிந்திருந்ததால், அத்தரவைக் கற்ற கணினி மீண்டும் அங்கேயே காவலரை அனுப்பச் சொல்லும் என்பது அவர்களுடைய முடிவு.

ஆகவே எல்லாக் குற்றத் தரவும் ஒரே தன்மையுடையதன்று என்ற வேறுபாடு பகுப்பாய்வாளருக்கு இன்றியமையாததாகிறது. காப்பீட்டுத் தொகை பெறக் காவல்துறையிடம் புகார் அளித்தாக வேண்டும் என்பதால் வாகனத் திருட்டு பெரும்பாலும் பதிவாகிவிடுகிறது. அதன் வரைபடம் பாதிக்கப்பட்டவர்கள் இருக்குமிடத்தைக் காட்டுகிறது. போதைப்பொருள் கைதுகளின் வரைபடமோ காவலர்கள் தேடிய இடத்தைக் காட்டுகிறது; குடும்ப வன்முறையின் வரைபடம், தொலைபேசியை எடுக்கத் துணிந்தவர்கள் வாழும் தெருக்களை மட்டுமே காட்டுகிறது.