திடீர் படபடப்பு... கேஸா, டென்ஷனா, இதயத்தின் மின்கோளாறா? கதீட்டர் அப்லேஷன் ஏ டு இசட்!

2004 அக்டோபர். பிரிட்டனின் அப்போதைய பிரதமர் டோனி பிளேர், இதயத் துடிப்பு சீராக இல்லாத பிரச்னைக்காக லண்டன் மருத்துவமனை ஒன்றில் சிகிச்சை எடுத்துக்கொண்டார். முந்தைய ஆண்டும் இதேபோன்ற பிரச்னைக்காக மின் அதிர்ச்சி சிகிச்சை பெற்றிருந்தார். இந்த முறை செய்யப்பட்டது, 'கதீட்டர் அப்லேஷன்'. நெஞ்சைத் திறக்கவில்லை, தையல் போடவில்லை. அடுத்த வாரமே ஆப்பிரிக்கப் பயணத்துக்குக் கிளம்பிவிட்டார்.

அன்று பலருக்கும் புதிதாக இருந்த இந்தச் சிகிச்சை, இன்று நம் ஊர்ப் பெரிய மருத்துவமனைகளிலும் நடக்கிறது. ஆனால், இந்தச் சிகிச்சை தேவைப்படும் பலர், தங்களுக்கு இருப்பது இதயப் பிரச்னை என்றே தெரியாமல் இருக்கிறார்கள் என்பதுதான் சிக்கல்.

அடைப்பு வேறு, ஒயரிங் கோளாறு வேறு!

ஹார்ட் அட்டாக் என்பது இதய ரத்தக்குழாயில் ஏற்படும் அடைப்பு. வீட்டோடு ஒப்பிட்டால், பிளம்பர் பார்க்க வேண்டிய வேலை. துடிப்புக் கோளாறு என்பது ஒயரிங் பிரச்னை. அதற்கு எலெக்ட்ரீஷியன் வேண்டும். இதயத்தின் எலெக்ட்ரீஷியன்கள்தான் 'எலெக்ட்ரோபிசியாலஜிஸ்ட்' எனப்படும் மருத்துவர்கள்.

இதயத்தின் வலது மேலறையில் உள்ள சிறு திசுப்பகுதி, ஓய்வில் இருக்கும்போது நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை மின்தூண்டலை அனுப்புகிறது. ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 1 லட்சம் துடிப்புகள். சிலருக்குப் பிறவியிலேயே இதயத்தில் கூடுதலாக ஒரு மின்பாதை இருக்கும். மின்சாரம் அதற்குள் புகுந்து வட்டமடிக்கத் தொடங்கினால், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே துடிப்பு 150, 200 என்று எகிறிவிடும். சுவிட்ச் போட்டதுபோல ஆரம்பித்து, அதேபோல சட்டென்று நின்றுவிடும்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் அடங்கியிருக்கும். இ.சி.ஜி நார்மல் என்று வரும். 'கேஸ் டிரபிளாக இருக்கும்', 'டென்ஷனைக் குறைங்க' என்ற அறிவுரையோடு வீட்டுக்கு அனுப்பப்படுவார்கள். குறிப்பாக இளம்பெண்களுக்கு இதை மனப்பதற்றம் என்று முடிவு கட்டிவிடுவது உலகம் முழுக்கவே நடக்கிறது.

அலட்சியம் கூடாத இன்னொரு வகை

வயதானவர்களிடம் அதிகம் காணப்படுவது 'ஏட்ரியல் ஃபைப்ரிலேஷன்'. இதில் இதயத்தின் மேலறைகள் சுருங்கி விரியாமல் வெறுமனே நடுங்கும். ரத்தம் தேங்கி, உறைந்து, கட்டியாகும். அது மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்தப் பிரச்னை உள்ளவர்களுக்குப் பக்கவாத ஆபத்து மற்றவர்களைவிட ஏறக்குறைய 5 மடங்கு அதிகம். ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், உடல்பருமன் ஆகியவற்றோடு, நம் நாட்டில் ருமாட்டிக் காய்ச்சலால் பாதிக்கப்பட்ட இதய வால்வும் முக்கியக் காரணம்.

என்ன செய்கிறார்கள்?

தொடை இடுக்கில் உள்ள ரத்தக்குழாய் வழியாக மெல்லிய கதீட்டர்களை இதயத்துக்குள் செலுத்துகிறார்கள். மின்கோளாறு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து, அந்த இடத்தில் மட்டும் ரேடியோ அலைகளால் சூடு வைக்கிறார்கள். அங்கே உருவாகும் தழும்பு மின்சாரத்தைக் கடத்தாது. தவறான பாதை அதோடு அடைபட்டுவிடும்.

1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் சான் ஃபிரான்சிஸ்கோவில் மருத்துவர் மெல்வின் ஷைன்மேன் குழு, மனிதர்களுக்கு முதன்முதலில் இந்தச் சிகிச்சையைச் செய்தபோது பயன்படுத்தியது மின் அதிர்ச்சியை. பாதுகாப்பான ரேடியோ அலை பிறகுதான் வந்தது. 1998-ல் பிரான்ஸின் போர்டோ நகரில் மிஷெல் ஐசகேர் குழு இன்னொரு திருப்பத்தைக் கொடுத்தது. ஏட்ரியல் ஃபைப்ரிலேஷனைத் தூண்டும் மின்பொறிகள் பெரும்பாலும் நுரையீரலிலிருந்து ரத்தம் கொண்டுவரும் குழாய்களில் கிளம்புகின்றன என்று கண்டறிந்தது. அந்தக் குழாய்களின் வாயைச் சுற்றித் தடுப்பு போடுவதுதான் இன்றும் இந்த நோய்க்கான அப்லேஷனின் அடிப்படை.

இருட்டில் தேடிய காலம் போச்சு!

ஆரம்பத்தில் டாக்டர்களுக்கு இருந்த ஒரே வழிகாட்டி எக்ஸ்ரே. அதில் கதீட்டரின் நிழல் தெரியும், இதயச் சுவர் தெளிவாகத் தெரியாது. கனமான ஈயக் கவசம் அணிந்து மணிக்கணக்கில் நிற்க வேண்டும்.

1990-களில் வந்த 3டி மேப்பிங் இதை மாற்றியது. மேஜைக்கு அடியில் மெல்லிய காந்தப்புலம், கதீட்டர் நுனியில் சென்சார். கதீட்டர் இதயச் சுவரைத் தொடத் தொட, திரையில் இதயத்தின் வரைபடம் உருவாகும். மின்சாரம் எங்கே முதலில் வருகிறது, எங்கே கடைசியாகப் போகிறது என்பதை நிறங்களே காட்டிக்கொடுக்கும். ஜி.பி.எஸ் மாதிரி!

முன்கூட்டியே எடுத்த சி.டி ஸ்கேனையும் இதோடு பொருத்திப் பார்க்கலாம். உணவுக்குழாய் வழியே செய்யும் எக்கோ, உள்ளே ரத்தக்கட்டி இருக்கிறதா என்று சொல்லிவிடும். கட்டி இருந்தால் சிகிச்சை தள்ளிப்போகும். இதயத்துக்குள்ளேயே செலுத்தும் நுண் எக்கோ கருவி, நடுச்சுவரில் ஊசி நுழையும் இடத்தை நேரலையாகக் காட்டும். இவற்றால் எக்ஸ்ரே தேவை வெகுவாகக் குறைந்துவிட்டது.

சூட்டுக்குப் பதிலாக உறையவைக்கும் கிரையோ பலூனும் உண்டு. புதுவரவு, 'பல்ஸ்டு ஃபீல்டு அப்லேஷன்'. 2023 டிசம்பரில் அமெரிக்காவில் முதல் அனுமதி கிடைத்தது. மிகக் குறுகிய மின்துடிப்புகள் இதயத் தசை செல்களை மட்டும் பெருமளவு குறிவைப்பதால், பக்கத்தில் இருக்கும் உணவுக்குழாய் பாதிக்கப்படும் அபாயம் குறைவு.

முழுசா குணமாகுமா?

கூடுதல் மின்பாதை போன்ற பிரச்னைகளில் 100-ல் 90 பேருக்கு மேல் ஒரே சிகிச்சையில் குணமாகிறது. ஏட்ரியல் ஃபைப்ரிலேஷனில் வெற்றி விகிதம் இதைவிடக் குறைவு. சிலருக்கு இரண்டாவது முறையும் தேவைப்படலாம்.

ஆபத்தே இல்லையா என்றால், இருக்கிறது. கதீட்டர் நுழைத்த இடத்தில் ரத்தக்கசிவு, அரிதாக இதயத்தைச் சுற்றி ரத்தம் சேர்வது, பக்கவாதம், பேஸ்மேக்கர் பொருத்த வேண்டிய நிலை ஆகியவை ஏற்படலாம்.

முக்கியமான எச்சரிக்கை: அப்லேஷன் முடிந்தது, படபடப்பும் இல்லை என்று ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். பக்கவாத ஆபத்து வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை நோய் ஆகியவற்றையும் பொறுத்தது. நிறுத்தலாமா என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

* படபடப்பு வந்தால் எப்போது தொடங்கியது, எப்போது நின்றது, நாடித்துடிப்பு எவ்வளவு என்று மொபைலில் குறித்து வையுங்கள்.

* முடிந்தால் படபடப்பு இருக்கும்போதே அருகிலுள்ள மருத்துவமனையில் இ.சி.ஜி எடுங்கள். அந்த ஒரு தாள், பத்து டெஸ்ட்டுக்குச் சமம். அதைப் பத்திரப்படுத்துங்கள்.

* அடிக்கடி வந்து போகிறது என்றால், 24 மணி நேரமும் துடிப்பைப் பதிவு செய்யும் ஹோல்டர் பரிசோதனை பற்றி டாக்டரிடம் கேளுங்கள். இ.சி.ஜி வசதியுள்ள ஸ்மார்ட் வாட்ச் பதிவையும் காட்டலாம்.

* வீட்டில் பெரியவர்களின் நாடியை அவ்வப்போது பிடித்துப் பாருங்கள். தாறுமாறாகத் துடித்தால், தொந்தரவு இல்லாவிட்டாலும் டாக்டரைப் பாருங்கள்.

* படபடப்போடு மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் இருந்தால் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள். குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென இறந்திருந்தால், அதையும் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.