பெட்டியில் 150 என்று போட்டிருக்கிறதே!

வழியில் காற்று இறங்கிய டயருக்குக் காற்றடிக்கும் கையடக்க மெஷினை இப்போது பலரும் காரிலேயே வைத்திருக்கிறார்கள். உங்கள் வீட்டிலும் ஒன்று வாங்குவதாக இருந்தால், அப்பா அம்மாவோடு நீங்களும் உட்கார்ந்து பாருங்கள். அதைத் தேர்ந்தெடுக்கத் தேவையான அறிவியல் உங்கள் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. அழுத்தம், கொள்ளளவு, வெப்பம் இந்த மூன்றும் தெரிந்தால் போதும்.

பெட்டியைக் கையில் எடுத்ததும் பெரிய எழுத்தில் ஓர் எண் கண்ணில் படும்: 150 பி.எஸ்.ஐ. அதற்குப் பக்கத்துப் பெட்டியில் 160 என்று இருக்கும். எண் பெரிதாக இருந்தால் மெஷினும் பலமானதாக இருக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். நிஜமாகவே அப்படித்தானா?

ஒரு சதுர அங்குல இடத்தை எத்தனை பவுண்டு எடை அழுத்துகிறது என்பதுதான் பி.எஸ்.ஐ. கணக்கு. நம்மைச் சுற்றியிருக்கும் காற்று இப்போதும் நம்மேல் 14.7 பி.எஸ்.ஐ. அழுத்தத்தோடு அமர்ந்திருக்கிறது. டயர் மீட்டர் அதைச் சேர்த்துக்கொள்வதில்லை. வெளிக்காற்றைவிட உள்ளே எவ்வளவு கூடுதல் என்பதை மட்டும் காட்டும். தட்டையாகிப்போன டயரில் மீட்டர் 0 காட்டினாலும், உள்ளே மிச்சமிருக்கும் காற்றுக்கு அந்த 14.7 உண்டு.

சின்ன கார் ஒன்றின் எடை 1000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு சக்கரத்தின் பங்கு 250 கிலோ. டயரில் 32 பி.எஸ்.ஐ. காற்று இருக்கிறது, அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2.25 கிலோ. 250ஐ 2.25ஆல் வகுத்துப் பாருங்கள், 111 வரும். அந்த டயர் தரையைத் தொடும் இடம் ஏறக்குறைய 111 சதுர சென்டிமீட்டர்தான். விரல்களோடு சேர்த்து உங்கள் கையைத் தரையில் வைத்தால் அவ்வளவு இடம் பிடிக்கும். அப்படி நான்கு கை அளவு ரப்பரை நம்பித்தான் ஒரு குடும்பம் சென்னையிலிருந்து மதுரை வரை போய் வருகிறது.

காற்று பாதியாகக் குறைந்தால் என்ன ஆகும்? எடை அப்படியே இருப்பதால், தரையைத் தொடும் இடம் ஏறக்குறைய இரண்டு மடங்காக வேண்டும். டயர் சப்பையாகி, அதன் பக்கச்சுவர் மடங்கும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கார் சக்கரம் வினாடிக்குச் சுமார் 15 முறை சுற்றுகிறது. சுற்றுக்கு ஒருமுறை ரப்பர் மடங்கி நிமிர்கிறது. ஒரு கம்பியை மாறி மாறி வளைத்து, வளைத்த இடத்தைத் தொட்டுப் பாருங்கள், சுடும். டயருக்குள்ளும் அதே சூடு ஏறுகிறது. உள்ளே இருக்கும் கம்பியும் நூலும் ரப்பரோடு ஒட்டியிருக்கும் பிடி தளர்ந்து, கடைசியில் வெடிக்கிறது. காற்றுக் குறைந்த டயரோடு ஓட்டக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வதற்குக் காரணம் இந்தச் சூடுதான்.

டயருக்குள் காற்றை அடைக்கும் யோசனைக்கு ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1845இலேயே காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் அது பரவவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தன் மகனின் மூன்று சக்கர சைக்கிள் குலுங்காமல் ஓட வேண்டும் என்பதற்காக அதே யோசனையைத் தனியாகக் கண்டுபிடித்தார். 1895இல் பிரான்சின் மிஷெலின் சகோதரர்கள் காற்றடைத்த டயர் பூட்டிய காரோடு பாரிஸ்-போர்தோ-பாரிஸ் பந்தயத்தில் இறங்கினார்கள். வழியெல்லாம் பஞ்சர். ஆனாலும் ஒட்டி ஒட்டியே ஓட்டினார்கள். அந்தப் பிடிவாதத்தை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

சரி, நம் காருக்கு எவ்வளவு காற்று வேண்டும்? டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். சில கார்களில் பெட்ரோல் மூடியின் உட்புறம் இருக்கும். முன் சக்கரத்துக்கு எவ்வளவு, பின் சக்கரத்துக்கு எவ்வளவு என்று அதில் போட்டிருப்பார்கள். சின்ன கார்களுக்குப் பெரும்பாலும் 30க்கும் 35க்கும் நடுவில்தான் வரும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எண் அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. அதைப் பார்த்துக் காற்றடிக்கக் கூடாது.

நமக்கு வேண்டியது 35 என்றால், 150 எதற்கு? இதற்கு ஒரு சோதனை செய்து பார்ப்போம். மருந்துக் கடையில் ஊசி இல்லாமல் 2 மில்லி சிரிஞ்சு ஒன்றும் 20 மில்லி சிரிஞ்சு ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். புதியதாக இருக்கட்டும். தண்டை முழுக்க வெளியே இழுத்துவிட்டு, முனையை விரலால் இறுக்கி மூடிக்கொண்டு தண்டை அழுத்துங்கள். சின்ன சிரிஞ்சில் தண்டு சுலபமாக உள்ளே போய்விடும், காற்று நாலில் ஒரு பங்குக்கும் கீழே சுருங்கும். பெரியதில் அதே பலத்தோடு அழுத்தினாலும் பாதியைத் தாண்டுவதற்குள் கட்டைவிரல் வலிக்கும். காற்றின் கொள்ளளவு பாதியானால் அழுத்தம் இரண்டு மடங்கு, நாலில் ஒன்றானால் நான்கு மடங்கு. ராபர்ட் பாயில் 1662இல் சொன்ன விதி இது. அப்படியானால் அதிக அழுத்தம் கொடுத்தது சின்ன சிரிஞ்சுதான்!

இப்போது இன்னொரு கேள்வி. இந்த இரண்டில் ஒன்றைக் கொண்டு ஒரு பலூனை ஊத வேண்டுமென்றால் எதை எடுப்பீர்கள்? யாராக இருந்தாலும் பெரியதைத்தான் எடுப்பார்கள். சின்னதில் அழுத்தம் இருந்தாலும் ஒரு தடவைக்கு வரும் காற்று 2 மில்லிதான்.

பெட்டியில் போட்டிருக்கும் 150 அந்தச் சின்ன சிரிஞ்சின் பெருமை. மெல்லிய பிஸ்டன் வைத்தால், பலம் குறைந்த மோட்டாரால்கூட அந்த எண்ணை எட்டிவிட முடியும். அதனால் பெட்டியைத் திருப்பி, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காற்று தள்ளும் என்று எங்காவது போட்டிருக்கிறதா என்று தேடுங்கள். வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான் என்பேன்.

சின்ன கார் டயரின் உள்ளே சுமார் 30 லிட்டர் இடம் உண்டு. தட்டையான டயரை 30 பி.எஸ்.ஐ.க்குக் கொண்டுவர, வெளிக்காற்றிலிருந்து இன்னும் இரண்டு மடங்கு, அதாவது 60 லிட்டர் காற்றை உள்ளே திணிக்க வேண்டும். நிமிடத்துக்கு 30 லிட்டர் தள்ளும் மெஷினுக்கு இது 2 நிமிட வேலை என்று கணக்குச் சொல்லும். ஆனால் டயரில் காற்று ஏற ஏற அது எதிர்த்துத் தள்ளும், மெஷினின் வேகம் குறையும், நேரம் கூடத்தான் ஆகும். நிமிடத்துக்கு 10 லிட்டர் மட்டுமே தள்ளும் குட்டி மெஷின் என்றால் நெடுஞ்சாலை ஓரத்தில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

அடுத்தது வெப்பம். மெஷினைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு சின்ன மோட்டார் இருக்கும். அதன் பல்சக்கரம் ஒரு பெரிய பல்சக்கரத்தைச் சுழற்றும். அதில் மாட்டிய தண்டு, பெருவிரல் பருமனே உள்ள பிஸ்டனை மேலும் கீழும் தள்ளும். சிலிண்டரின் தலையில் மெல்லிய எஃகுத் தகடு ஒன்று கதவாக இருக்கும். பிஸ்டன் மேலே வரும்போது திறந்து காற்றைக் குழாய்க்குள் விடும், கீழே இறங்கும்போது சட்டென்று மூடிக்கொள்ளும். டக டக டக என்று நமக்குக் கேட்கும் இரைச்சல் இதெல்லாம் சேர்ந்து எழுப்புவது.

காற்றை வேகமாக அழுத்தினால் அது சூடாகும். 30 டிகிரியில் இருக்கும் காற்றை, சூடு வெளியே போக விடாமல் 32 பி.எஸ்.ஐ. வரை அழுத்தினால் அதன் வெப்பநிலை கிட்டத்தட்ட 150 டிகிரிக்குப் போகும் என்று கணக்குச் சொல்கிறது. டீசல் இன்ஜினில் தீப்பொறி பிளக் கிடையாது. காற்றை இன்னும் பலமாக அழுத்தி, அந்தச் சூட்டிலேயே டீசலைப் பற்றவைக்கிறார்கள். நம் மெஷினில் கொஞ்சம் சூடு சிலிண்டர் வழியே வெளியேறிவிடும். ஆனால் பிஸ்டன் உரசும் சூடும் மோட்டாரின் சூடும் கூடச் சேரும். அதனால்தான் "10 நிமிடம் ஓட்டினால் 10 நிமிடம் நிறுத்தி ஆறவிடவும்" என்பதுபோல ஒரு குறிப்பு கூடவே வரும். சிலிண்டர் உலோகமாக இருந்தால் சூடு சீக்கிரம் வெளியே போகும். வேலை முடிந்ததும் வால்வில் திருகியிருக்கும் பித்தளை முனையைச் சட்டென்று பிடிக்காதீர்கள். நன்றாகவே சுடும்.

மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு வகை, காரில் இருக்கும் 12 வோல்ட் சாக்கெட்டில் செருகுவது. அது 10 ஆம்பியர் இழுத்தால் 120 வாட். அந்த சாக்கெட்டின் ஃப்யூஸ் தாங்கும் அளவுக்குள் மெஷின் இருக்கிறதா என்று கார் கையேட்டைப் பார்த்துச் சொல்லுங்கள். இன்ஜினை ஓடவிட்டுக் காற்றடித்தால் கார் பேட்டரி இறங்காது. ஆனால் மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிடவே கூடாது, புகையில் நஞ்சு உண்டு. இன்னொரு வகை, உள்ளேயே லித்தியம் பேட்டரி கொண்டது. ஸ்கூட்டருக்கும் பைக்குக்கும் இதுதான் வசதி. கார் வைத்திருப்பவர்களுக்கு நான் வயர் மாடலைத்தான் சொல்வேன். காரணமும் வெப்பம்தான். சித்திரை வெயிலில் நிறுத்திய காருக்குள் இருக்கும் சூடு லித்தியம் பேட்டரிக்கு ஆகாது. சார்ஜ் ஏற்றி வைத்துவிட்டு மறந்துபோனால், தேவைப்படும் நாளில் அது இறங்கிக் கிடக்கும். வயர் மாடலுக்கு அந்தக் கவலை இல்லை.

முள் மீட்டர் வைத்த மெஷின் கிடைத்தால் ஆசையோடு பாருங்கள். திருவிழாவில் விற்பார்களே, ஊதினால் நீண்டு விரியும் காகிதப் பீப்பி, அதன் தத்துவம்தான் உள்ளே வேலை செய்கிறது. வளைந்த உலோகக் குழாய்க்குள் அழுத்தம் ஏறினால் குழாய் கொஞ்சம் நிமிரும், அந்த அசைவு முள்ளைத் திருப்பும். பிரான்சின் யூஜின் போர்தோன் 1849இல் காப்புரிமை பெற்ற கருவி இது. டிஜிட்டல் மீட்டரில் குழாய்க்குப் பதிலாக ஒரு நுண்ணிய சிலிக்கான் சவ்வு வளைகிறது. எந்த மீட்டரானாலும், மெஷின் ஓடும்போது காட்டும் எண்ணை நம்ப வேண்டாம். குழாய்க்குள் அழுத்தம் டயரைவிடச் சற்று கூடுதலாக இருக்கும். நிறுத்திவிட்டுப் பாருங்கள். வேண்டிய எண்ணை வைத்தால் தானாக நின்றுவிடும் வசதி இருந்தால் அதற்குக் கொஞ்சம் கூடுதலாகக் காசு கொடுக்கலாம்.

ஓடிக் களைத்த டயரில் அழுத்தம் கூடித்தான் இருக்கும். 30 டிகிரியில் 32 இருந்த டயர் 60 டிகிரிக்குச் சூடானால் சுமார் 37 காட்டும். கூடிவிட்டதே என்று அந்தக் காற்றைத் திறந்துவிட்டால், ஆறிய பிறகு குறைந்து நிற்கும். அதனால் காலையில் வண்டியை எடுப்பதற்கு முன்பே பார்த்துவிடுவது நல்லது.

காருக்கும் ஸ்கூட்டருக்கும் ஒரே வகை வால்வுதான். நடுவில் இருக்கும் குட்டி ஊசியை அழுத்தினால் காற்று சீறும். உங்கள் சைக்கிளில் பழைய மாதிரி வால்வு இருந்தால், அதற்கான இணைப்பு முனை பெட்டிக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். கால்பந்து ஊசியும் அதோடு வரும்.

இந்த மெஷினால் முடியாததும் உண்டு. அது ஓட்டையை அடைக்காது. ட்யூப்லெஸ் டயரில் ஆணி குத்தியிருந்தால் காற்று மெதுவாகத்தான் இறங்கும். ஆணியைப் பிடுங்காமல் காற்றடித்துக்கொண்டு, மெதுவாகப் பஞ்சர் கடைக்குப் போய்விடலாம். பக்கச்சுவர் கிழிந்திருந்தாலோ டயர் விளிம்பை விட்டுக் கழன்றிருந்தாலோ ஸ்டெப்னிதான் கதி. ஆனால் 2020இல் திருத்திய விதியின்படி, ட்யூப்லெஸ் டயரும் காற்றழுத்தம் குறைந்தால் எச்சரிக்கும் கருவியும் பஞ்சர் கிட்டும் உள்ள காரில் ஸ்டெப்னி வைக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உங்கள் காரில் ஸ்டெப்னி இருக்கிறதா என்று இன்றே டிக்கியைத் திறந்து பாருங்கள். நெடுஞ்சாலையில் நிற்க நேர்ந்தால், பெரியவர்கள் காற்றடிக்கும்வரை நீங்கள் சாலைத் தடுப்புக்கு அப்பால் நில்லுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு அழைக்கும் எண் 1033.

மெஷின் வீட்டுக்கு வந்ததும், வாசலில் நிற்கும் காருக்கு ஒருமுறை காற்றடித்துப் பாருங்கள். 25இலிருந்து 32க்கு ஏற எத்தனை நிமிடம் ஆகிறது என்று நோட்டில் எழுதுங்கள். பெட்ரோல் பங்கில் இருக்கும் மீட்டரோடு உங்கள் மீட்டர் ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். வயர் பின் சக்கரம் வரை எட்டுகிறதா என்று பார்க்க மறக்காதீர்கள். எட்டாவிட்டால் கடைக்காரரிடம் அன்றே மாற்றிக்கொள்ளலாம்.